சுவான்சௌ கோயில் வாசலில்

பேருந்துக் கண்ணாடியில் பூக்கள் மிதந்தன. முன் இருக்கையில் பூ, பக்கத்து வரிசையில் பூ. கொண்டையைச் சுற்றி வட்டமாக மல்லிகை மொட்டு, அதற்குமேல் மஞ்சள் சாமந்தி, அதற்கும்மேல் ரோஜா நிறத்தில் துணிப்பூ. ஒரே காலையில் எல்லாப் பெண்களும் கல்யாணப் பெண்களாகிவிட்டார்கள். நடுவில் பூ இல்லாத ஒரு தலையும் தெரிந்தது. அது தன்னுடைய தலைதான் என்பது வடிவுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் ஏன் என்று ஒரு கேள்வி எழுந்தது, எழுந்த கேள்வியை அவள் அப்படியே உட்கார வைத்தாள். தலைவலி வரும் என்று அறைத்தோழி கோமதி சொன்னாள், அதனால் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர்களை வருடத்துக்கு ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப்போவார்கள். இந்த வருடம் சுவான்சௌ, சீனாவின் பழைய துறைமுக நகரம். காலையில் முதலில் போனது ஷுன்பூ என்ற மீனவர் குடியிருப்பு. சிப்பி ஓடுகளைப் பதித்துச் சுவர் எழுப்பிய வீடுகள். அவற்றின் முன்னால் நாற்காலிகளைப் போட்டு, வருகிற பெண்களுக்கெல்லாம் கொண்டை போட்டுப் பூச்சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வடிவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சீப்பு தலையில் பட்டுவிட்டது. அப்போதுதான் கோமதி வந்து கையைப் பிடித்து எழுப்பினாள். "உனக்கு வேணாம்டி. இத்தனை ஊசி குத்தினா தலைவலி வந்துரும். நாளன்னைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு." "எனக்கு எப்போடி தலைவலி வந்திருக்கு?" "வரும். எந்திரி." சீப்பு வைத்திருந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த பெண்ணை உட்காரச் சொன்னாள். அப்படி எழுப்பிய கோமதியின் தலையில் பூ இருந்தது. சங்கரன்கோவில்காரி, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நல்ல மல்லிகை தலையில் ஏறவில்லை என்று புலம்புகிறவள். ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஒவ்வொரு ஊசியாக உருவி, பூ வளையத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஏன்டி என்று கேட்டதற்கு, கனமாக இருக்கிறது என்றாள்.

கனமாகத்தான் இருக்கும், பார்த்தாலே தெரிகிறது, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடுகிற மாலை மாதிரி. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று வடிவு நினைத்தாள். அப்பா, இங்க மனுஷங்களுக்கே மாட்டுப் பொங்கல் கொண்டாடுறாங்க. அவர் சிரிப்பார். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக இருப்பவருக்கு மாட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் பிடிக்கும். கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது. போன் இல்லை. போன் வகுப்புத் தோழன் ஆல்வினிடம் இருக்கிறது. காலையில் பேருந்து கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொண்டான், உன் போனில் விபிஎன் சரியில்லை, புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று. விபிஎன் இல்லாவிட்டால் இங்கே வாட்ஸ்அப் வராது, வாட்ஸ்அப் வராவிட்டால் வீடு வராது. அப்பாவின் குரல் வாட்ஸ்அப்பில்தான் வரும். குரல் செய்தி அனுப்பும்போதும் அவர் போனில் பேசுவது போலவே பேசுவார். ஹலோ வடிவு, அப்பா பேசுறேன். சற்று இடைவெளி. நல்லாருக்கியாம்மா? இடைவெளி. சரி, சாப்டியா? மறுபடி இடைவெளி. இது போன் இல்லப்பா, நீங்க பாட்டுக்குப் பேசிட்டே போகலாம் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். தெரியும்மா, இருந்தாலும் நீ பேச இடம் விடணும்ல என்பார். அந்த இடைவெளிகளின் நீளம் அவளுக்குப் பழகிவிட்டது. விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டே, நல்லாருக்கேன்ப்பா, சாப்ட்டேன்ப்பா என்று அந்த இடங்களில் பதில் சொல்வாள். கோமதி அடுத்த கட்டிலிலிருந்து, லூசு, யாருகிட்டடி பேசுற என்பாள். நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்து, அடைப்பை எடுத்துக் குழாய் வைத்த மறுநாள்கூட அப்படித்தான் ஒரு செய்தி வந்தது. நல்லாருக்கேம்மா, பயப்படாத என்றார். இடைவெளியில் அவருக்குப் பக்கத்திலிருந்த இயந்திரம் சீராகக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அந்தக் குரல் இல்லை, அப்பாவின் எண்ணிலிருந்து எழுத்துதான் வருகிறது. நன்றாகப் படி, பரீட்சையை நல்லபடியாக எழுது, அப்பா. அவர் எழுத்துத் தட்டியதே இல்லை. கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் நண்டு மாதிரி ஓடுகின்றன என்பார். தொண்டை கட்டியிருக்கிறது, பேசக் கூடாதாம் என்று அண்ணன் சொன்னான். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டிருந்தால் தொண்டை கட்டும். அடைப்பெடுக்க மணிக்கட்டு வழியாகத்தானே போவார்கள், தொண்டைக்கு என்ன வந்தது? கேட்டாள். அண்ணன், டாக்டர் சொன்னதைத்தான் சொல்றேன், நீ இன்னும் டாக்டர் ஆகல என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் குரலும் கட்டித்தான் இருந்தது.

இறங்கும்போது ஆல்வின் படிக்குக் கீழே நின்று, "பாத்து எறங்கு வடிவு" என்றான். அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முதுகில் இடித்தார்கள். ஆல்வின் நாகர்கோவில்காரன், முதல் வருடத்திலிருந்தே அவளைப் பாட்டி என்றுதான் கூப்பிடுவான். சண்முகவடிவு என்று எங்க தெருவுல எழுபது வயசுக்கு மேலதாம் பிள்ள இருக்கு என்பான். ஏ பாட்டி, வெத்தலை இடிச்சாச்சா? ஏ பாட்டி, பரீட்சைத் தாளு கண்ணு தெரியுமா? எரிச்சலாக இருக்கும். ஒருமுறை அவன்மேல் தண்ணீர் பாட்டிலை எறிந்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து வடிவு, வடிவு என்கிறான். ஜன்னல் இருக்கையை விட்டுக் கொடுத்தான். வேகவைத்த முட்டையை உரித்துக் கொடுத்தான். அவள் கையில் போன் இல்லாததால் அவளுக்கும் சேர்த்து அவனே எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறான், இந்த ஊரில் போனைக் காட்டாமல் ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. "என்னடா, பாட்டி செத்துப்போயிட்டாளா?" என்று அவள் கேட்டாள், விளையாட்டாகத்தான். ஆல்வின் முகத்தில் ஏதோ ஒன்று வழுக்கி விழுந்தது. "பேசாம நடட்டி" என்றான். சட்டென்று திரும்பி நடந்தான். பரீட்சைப் பயமாக இருக்கும். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை யாராவது ஊர் சுற்றுவார்களா? நான் வரவில்லை, படிக்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். வா வா என்று இழுத்தது கோமதி. பரீட்சை வாரத்தில் தலைமுடிகூடப் பின்னாமல் புத்தகத்தோடு கிடக்கிற கோமதி. போதும்டி படிச்சது, காத்து வாங்கிட்டு வரலாம் என்றாள். விடுதியில் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஜூனியர் பிள்ளைகள் வந்து போவார்கள். நேற்று மாலை இரண்டு ஜூனியர்கள் அறை வாசலில் வந்து நின்றதும் கோமதி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களிடம் என்னவோ பேசினாள். என்னவாம் என்றதற்கு, நோட்ஸ் கேட்டு வந்தாளுக என்றாள். நோட்ஸ்தான். வேறென்ன கேட்பார்கள்?

மேற்குத் தெரு நெடுக ஆட்கள். வேர்க்கடலையைக் கரையும்வரை வேகவைத்த இனிப்புச் சூப் விற்கிற கடை, வாத்துக்கறியை இஞ்சியோடு மண்சட்டியில் வதக்குகிற கடை, அதன் புகை, ஜூன் மாதப் புழுக்கம். கல்லூரியிலிருந்து அழைத்து வந்த லின் டீச்சரின் மஞ்சள் கொடி முன்னால் ஆடிக்கொண்டே போயிற்று. ஒரு சந்து முனையில் நின்ற மரத்தின் இலையைப் பார்த்ததும் கல்யாண முருங்கை என்று தெரிந்தது, ஊரில் பந்தக்கால் நடும்போது கட்டுகிற அதே மரம். இதுதான் இந்த நகரத்தின் மரம் என்று டீச்சர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு தலையாட்டினாள். தலைக்குள்ளே புத்தகத்தின் ஒரு பக்கம் விரிந்திருந்தது. மாரடைப்புக்குப் பின் வரக்கூடிய சிக்கல்கள். இடது பக்கப் பத்தியில் ஒரு கட்டம், முதல் நாள் என்ன, முதல் வாரம் என்ன, அதன் பிறகு என்ன. பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று பேராசிரியர் சொன்ன பக்கம். பத்து நாளாக அதைப் படிக்கிறாள், பத்து நாளாக அது மனப்பாடம் ஆகவில்லை. முதல் வாரம் என்ற வரிக்கு வந்ததும் கண் வழுக்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். இதயத்தின் படம் எடுத்திருப்பார்கள், அந்த அறிக்கையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று அண்ணனிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். வியாழக்கிழமை மாலை கத்தியே விட்டாள். ஒரு போட்டோ எடுக்க உனக்குக் கை இல்லையா, நான் படிக்கிற படிப்பு எதுக்குத்தான் உதவும்? அண்ணன் திருப்பிக் கத்தவில்லை. வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவன். சரி வடிவு, அனுப்புறேன் என்றான், மெதுவாக. பின்னால் நிறைய பேர் பேசுகிற சத்தம் கேட்டது. யாருடா என்றாள். பக்கத்து வீட்ல விசேஷம் என்றான். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் பாட்டுப் போட்டிருப்பார்கள், பாட்டு கேட்கவில்லையே என்று இப்போது தோன்றியது. இப்போது ஏன் தோன்ற வேண்டும்? பாட்டுப் போடாத விசேஷமும் உண்டு. காது குத்து. வளைகாப்பு. அவள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். பூப்பு நீராட்டுக்குப் பாட்டுப் போடுவார்கள், அதைக் கழித்துவிடலாம்.

கோயில் வாசல் அகலமாக இருந்தது. உள்ளே பெரிய ஆலமரங்களும், இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய உயரமான கோபுரங்களும், முற்றம் நிறையப் புறாக்களும் தெரிந்தன. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்படி குறுக்கே கிடந்தது. அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்று லின் டீச்சர் தானே தாண்டிக் காட்டினார். பிறகு எல்லோரையும் பார்த்து, இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது, பின்பக்கம் வாருங்கள் என்றார். கோமதிக்கு அது ஆச்சரியமே இல்லை. புத்தர் சன்னிதிக்குப் பின்னால் இரண்டு கல்தூண்களில் நரசிம்மர் இருக்கிறார், ஆனைக்கு அருள்கிற பெருமாள் இருக்கிறார், அந்தக் காலத்தில் நம் வணிகர்கள் இங்கே கட்டிய கோயில் ஒன்றின் தூண்கள் என்று முதல் வருடமே கண்டுபிடித்து வைத்திருந்தாள். செவ்வாய்தோறும் விரதம் இருக்கிறவள், கோயிலே இல்லாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று தவித்தவள். அந்தத் தூணில் ஒரு துளசியாவது வைக்க வேண்டும் என்று விடுதி ஜன்னலில் துளசிச் செடி வளர்த்து, அது குளிரில் கருகி, மறுபடி வளர்த்து, இன்று காலை நாலு இலை பறித்து ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வடிவு மரப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள். கோமதி அவள் மேல்கையைப் பிடித்தாள். "நீ இரு." "என்ன?" "நீ உள்ள வர வேணாம். கால் வலிக்குதுன்னியே." "நான் எப்போ சொன்னேன்?" "வெயிலா இருக்குல்ல. இங்க நெழல்ல உக்காருவோம். அவங்க பாத்துட்டு வரட்டும்." "நீயும் போகலையா?" "நானும் உங்கூட உக்காந்துக்கறேன்." எல்லோரும் அவர்களைக் கடந்து உள்ளே போனார்கள். பூச்சுற்றிய தலைகள் ஒவ்வொன்றாகப் படியைத் தாண்டி உள்ளே அமிழ்ந்தன. ஆல்வின் கடைசியாகத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தான். கோமதி அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள், போ என்பது போல. அந்தத் தலையசைப்பை வடிவு பார்த்தாள்.

சுவரோரம் ஒரு கல் பெஞ்சு. கோமதி அதில் உட்கார்ந்து, ஈரத் துணிப் பொட்டலத்தை மடியில் வைத்து அதன் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அது இல்லையே என்று முதலில் நினைத்தாள். மாதத் தேதி என்று நினைத்துவிட்டாள் போல, சேர்த்து எண்ணிப் பார்த்தால் அவளுக்கே தெரியும், ஒரே அறையில் இருக்கிறோம், ஒரே கடையில் வாங்குகிறோம். "ஏ, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. போன வாரமே முடிஞ்சிருச்சு" என்றாள். கோமதி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை மட்டும் அசைந்தது, எதையோ மென்று விழுங்குவது போல. அப்போது வடிவின் மனசு ஒரு கணக்கைப் போட்டது. அவள் போடச் சொல்லவில்லை, அது தானாகப் போட்டது. ஒரு பெண்ணைக் கோயில் வாசலில் நிறுத்தி வைக்க இரண்டு காரணம்தான் உண்டு. ஒன்று தனக்கு இல்லை. காலையில் பூ வைக்க விடவில்லை. முதல் காரணத்துக்கு யாரும் பூவைத் தடுக்க மாட்டார்கள். பூவும் கூடாது, கோயிலும் கூடாது என்றால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். இல்லை, கோமதிக்கு ஏதாவது பைத்தியம். ராகு காலம். சனிக்கிழமை இந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவள் ஊரில் ஏதாவது இருக்கும். பைக்குள் மறுபடி கை போயிற்று, மறுபடி போன் இல்லை. போனையும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டது ஆல்வின், தலையசைத்தது கோமதி, வாசலில் வந்து நின்றது ஜூனியர்கள், மெதுவாகப் பேசியது அண்ணன். இவர்களுக்கெல்லாம் இடையே ஒரு கயிறு ஓடுகிறது, தான் மட்டும் அதைத் தொடாமல் குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம். முற்றத்தில் யாரோ தீனி போட்டிருக்க வேண்டும், புறாக்கள் மொத்தமாக எழுந்து மொத்தமாக இறங்கின. வாத்துக்கறிப் புகை இங்கேயும் வந்தது.

எங்கள் வீட்டில் பரீட்சைச் சமயத்தில் யாரும் சாக மாட்டார்கள். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது பெரியப்பா இறந்துபோனார், சாத்தூரில். அவருக்குப் பிள்ளை இல்லை, அப்பாதான் கொள்ளி வைத்தார். மறுநாள் காலை மொட்டைத் தலையோடு, மீசையும் இல்லாமல் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல்மா, ராத்திரியே போய்ட்டு வந்துட்டேன் என்றார். அவள் நம்பினாள். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தலையோடு தினமும் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வெளியே புளியமரத்தடியில் நின்று, எப்படிம்மா எழுதின என்று கேட்டு, அவள் சொல்கிற வேடிக்கைக்கெல்லாம் சிரித்து, திரும்பக் கூட்டிவந்தார். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அவள் பெரியப்பாவுக்காக அழுததைவிட அந்தச் சிரிப்புகளுக்காகத்தான் அதிகம் அழுதாள். தன் அண்ணன் செத்து இரண்டு நாள்கூட ஆகாத மனுஷனை எப்படியெல்லாம் சிரிக்க வைத்திருக்கிறோம். இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதீங்கப்பா, பரீட்சை போனாலும் போகுது என்றாள். மறைக்க மாட்டேம்மா, சத்தியமா என்றார் அப்பா. அப்பா சத்தியம் செய்தால் செய்ததுதான். ஏதாவது என்றால் அவரே சொல்லியிருப்பார். அவர் சொல்லவில்லை, ஆகவே ஒன்றுமில்லை. இந்த வாதத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது. அவள் அந்த ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவரே சொல்லியிருப்பார். அவரே சொல்லியிருப்பார். எப்படிச் சொல்லியிருப்பார்?

எழுந்து வாசலுக்குப் போனாள். கோமதி பின்னாலேயே வந்தாள், இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. மரப்படி முன்னால் கிடந்தது, நடுவில் பலர் மிதித்துத் தேய்ந்திருந்தது, மிதிக்கக் கூடாது என்று சொன்னாலும் மிதிக்கிறவர்கள் மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தாண்டிவிட்டால் போதும். தாண்டி உள்ளே போய், அந்தத் தூண்களைப் பார்த்து, போட்டோ எடுத்து, அப்பாவுக்கு அனுப்பலாம். உள்ளே போனவளுக்கு அப்பா இருக்கிறார். இது அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது, இரண்டும் இரண்டும் நாலு என்பது போல. அப்பாவே இந்தத் தீட்டுக்கெல்லாம் மசிகிறவர் இல்லை. செத்த கன்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நேரே பொங்கல் விழாவுக்குப் போய் நிற்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். உள்ள போம்மா, சாமி ஒண்ணும் சொல்லாது என்பார். காலைத் தூக்கு. பிரம்புக் கூடை வைத்திருந்த ஒரு கிழவர் அவளுக்காக ஒதுங்கி நின்றார், போ என்று கையால் காட்டினார். கால் எழவில்லை. முழங்காலை யாரும் பிடித்திருக்கவில்லை, அவளேதான் நின்றாள். நிற்கிறோம் என்று தெரிந்த அந்த நொடியில், தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது. தெரியாதவள் தாண்டியிருப்பாள். திரும்பாமலே கேட்டாள். "எப்போடி?" கோமதி துணிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள். "கோமதி, எப்போ?" "வியாழக்கிழமை" என்றாள் கோமதி. "காலைல. ரெண்டாவது தடவை வந்திருச்சாம்." "எடுத்துட்டாங்களா?" "அன்னைக்குச் சாயங்காலமே. நீ கெளம்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாதுடி. வீட்ல வெச்சிருக்க முடியாதுன்னு சொன்னாங்க. பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் சொல்லிராதம்மான்னு உங்க அண்ணன் அழுதுச்சு. நான் சரின்னேன்." "கடைசியா எதாவது சொன்னாராமா?" "தெரியல. நான் கேக்கல. உங்கண்ணனால பேசவே முடியல." பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "எல்லாத்தையும் சமாளிச்சிட்டேன். கோயிலுக்குள்ள மட்டும் உன்னைத் தெரிஞ்சே விட முடியலடி. என்னால முடியல. நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருச்சு" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தில்தான் அண்ணனிடம் கத்தினாள். உனக்குக் கை இல்லையா? கை இருந்தது, அந்தக் கையில் அப்போது என்ன இருந்திருக்கும்? அதற்கப்புறம் ஒரு ஜூனியரின் பிறந்தநாள், எல்லோரும் கொதிக்கிற குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து காளானும் கறியும் போட்டுத் தின்றார்கள், அவள் பாட்டுப் பாடினாள், கோமதி எழுந்து கழிவறைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை, வயிறு சரியில்லையா என்று கதவைத் தட்டிக் கேலி செய்தாள். பாடினோமே. இரண்டு நாளாகத் தின்று, தூங்கி, சிரித்து, இதயத்தைப் பற்றிப் படித்து. இரண்டு நாளாக அவர் இல்லாத உலகத்தில் அவர் இருக்கிறவராக நடந்துகொண்டிருந்தது தான் ஒருத்திதான். ஒருவேளை அதனால் இரண்டு நாள் கூடுதலாக அவர் எங்கேயோ இருந்திருப்பார். இப்போது அங்கேயும் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வாசலில் எழாத கால் போல, அதுவும் எழவில்லை. உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது, புழுக்கம், புகை, வியாழக்கிழமைச் சட்டியின் எண்ணெய் வாடை இன்னும் முடியில் இருப்பது போலத் தோன்றியது. "நான் குளிக்கணும்" என்றாள். "என்னது?" "தலைக்கு ஊத்தணும். கேட்டதும் ஊத்தணும்ல." "பஸ் அஞ்சு மணிக்குத்தான்டி எடுப்பாங்க. ரூமுக்குப் போயி…" "அதுவரைக்கும் இப்படியே இருக்க முடியாது. அம்மாகிட்டப் பேசணும். குளிக்காம எப்படிப் பேசறது?" அப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும். மற்ற எதையும் அவள் செய்ய முடியாது. முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, தெருமுனைவரை பின்னால் போகவில்லை. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். கோமதி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எதிர்க் கடைக்கு ஓடிப் போனைக் காட்டி, கை கொள்ளும் மட்டும் பெரிய தண்ணீர் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

கோயில் மதிலுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் இடையே ஒரு குறுகலான சந்து, நடுவில் கல் மூடிய சாக்கடை. வடிவு அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடியை அவிழ்த்து முன்னால் போட்டாள். முதல் பாட்டிலின் தண்ணீர் குளிர்பெட்டியிலிருந்து வந்தது போல, உச்சியில் பட்டதும் மூச்சு அடைத்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். மயக்கம் என்று நினைத்திருப்பார்கள், ஒரு பெண் விசிறியை நீட்டினாள், ஒருவன் போனைத் தூக்கினான். காலடிச் சத்தம் ஓடி வந்தது. வாசலில் அவர்களைக் காணாமல் தேடி வந்திருக்க வேண்டும், ஆல்வின் சந்து முனையில் நின்று பார்த்தான். குடையை விரித்துச் சந்தின் வாயை மறைத்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். போனைத் தூக்கியவனிடம் அவனுக்குத் தெரிந்த சீன மொழியில் என்னவோ சொன்னான், அவன் நகர்ந்துவிட்டான். "உன் போனு எங்கிட்ட இருக்கு, வடிவு" என்றான் திரும்பாமலே. "வேணும்ன்னா தாரேன்." "இப்ப வேணாம்" என்றாள் அவள், "கை ஈரமா இருக்கு." கோமதி இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள், மூன்றாவதைத் திறந்தாள். தண்ணீர் நெற்றியில் வழிந்து, மூக்கு நுனியில் சொட்டி, கல்லின் இடுக்கில் இறங்கியது. உள்ளே முற்றத்திலிருந்து லின் டீச்சர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. கடைசி பாட்டிலையும் கவிழ்த்துவிட்டு, கோமதி ஒரு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுமாடி?" என்றாள். வடிவு விரல்களை முடிக்குள் விட்டுப் பார்த்தாள். மேலே நனைந்து ஒட்டியிருந்தது. அடியில், பிடரிப் பக்கம், இன்னும் காய்ந்தே இருந்தது. "இல்ல" என்றாள். "உள்முடி நனையல. இன்னும் வாங்கிட்டு வா."